புதுப் பிரிண்டரில் அடித்த கல்வெட்டு

கிழமை நாளெல்லாம் ஒரு கவுன்சில் ஒவ்விசிலை இருந்துகொண்டு, "அணைச்சுப்போட்டுத் திரும்பப் போட்டுப் பாத்தியளோ?" எண்டு ரெலிபோனிலை கேக்கிறதுதான் அந்த நாளையிலை என்ரை வேலை. கேட்டுக் கேட்டு நாக்குத் தேஞ்சு போச்சு. சனிக்கிழமை வந்தால் அதே கேள்வியைத் தமிழிலை கேக்கவேணும். லண்டனிலை ஒரு தமிழ்ப் பொம்பிளைக்குக் கொம்பியூட்டர் தெரியும் எண்டு கதை பரவினால் முடிஞ்சுது. கலியாண வீட்டிலை சாப்பாட்டுத் தட்டோடை நிக்கேக்கையும் பக்கத்திலை வந்து, "தங்கச்சி, என்ரை மெசின் ஒரு மாதிரிச் சத்தம் போடுது" எண்டுவினம். நான் என்ன, சத்தத்துக்கு மருந்து வைச்சிருக்கிறனோ?

என்ரை மகள் அப்ப சனிக்கிழமைகளிலை ரெய்னர்ஸ் லேனிலை தமிழ்ப் பள்ளிக்கூடம் போனவள். அவளை விட்டிட்டு, முடிஞ்சு வருமட்டும் நான் ஒதுங்கிற இடம் ஒரு அச்சுக் கடை. முன்னுக்குப் போன் கார்ட்டும் ஊதுபத்தியும் விக்கும், பின்னறையிலை அச்சு வேலை நடக்கும். கடைக்காரர் கனகாலம் ஜெர்மனியிலை இருந்திட்டு, பிள்ளையள் இங்கிலிசிலை படிக்கட்டும் எண்டு இஞ்சாலை வந்த ஒரு அண்ணை. நல்ல மனுசன். ஆனால் ஒரு சாமானை வாங்கிக் கொண்டுவந்து வைச்சுப்போட்டுத்தான் அது சரிவருமோ எண்டு கேப்பார். அந்தப் பழக்கத்தாலை அவரும் கெட்டு என்னையும் கெடுத்தார்.

கடையிலை கூட அடிக்கிறது கல்வெட்டு. கல்லிலை ஒண்டும் வெட்டுறேல்லை. ஒராள் செத்து முப்பத்தொராம் நாள் கிரியையிலை வந்த சனத்துக்குக் குடுக்கிற சின்னப் புத்தகத்துக்குத்தான் எங்கடை ஆக்கள் அப்பிடிச் சொல்லுறது. முகப்பிலை படம். உள்ளுக்குத் தேவாரம், சிவபுராணம், சீவிய சரித்திரம். அதுக்குப் பிறகு புலம்பல்கள். மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல், பேரப்பிள்ளைகள் புலம்பல் எண்டு வரிசையாப் பாட்டு வரும். அந்தந்த ஆக்கள் எழுதிறதில்லை. பாட்டுக் கட்டத் தெரிஞ்ச ஒருத்தர் எப்பவோ எழுதினது, வீட்டுக்கு வீடு ஓடிக்கொண்டிருக்கும். முப்பத்தொண்டு அண்டைக்கு ஒராள் சபையிலை இருந்து அதை ராகத்தோடை வாசிப்பார். அவரவரின்ரை பாட்டு வரேக்கை அவரவர் அழவேணும். எங்கடை ஆக்களுக்கு அழுகிறதுக்கும் ஒரு ஒழுங்குமுறை இருக்கு.

இந்தக் கல்வெட்டுகள் முழுக்க ஒரு பழைய விண்டோஸ் 98 கொம்பியூட்டருக்குள்ளைதான் கிடந்தது. சென்னையிலை வாங்கின ஒரு தமிழ் மென்பொருளிலைதான் அண்ணை பக்கம் கட்டுவார். அதுக்குத் திறப்பு மாதிரி ஒரு சின்னக் கட்டை, மெசினின்ரை பின்பக்கத்திலை செருகிக் கிடக்கும். அதைக் கழட்டினால் மென்பொருள் திறக்காது. புது மெசினுகளிலை அதைச் செருக இடமில்லை. வித்த கொம்பனிக்குப் போன் பண்ணினால் மணி அடிச்சுக்கொண்டே இருக்கும். அண்ணைக்கோ அந்த மென்பொருளின்ரை விசைப்பலகை ஒண்டுதான் விரலுக்குப் பழக்கம். ஆக, அந்தக் கிழட்டு மெசினை விட்டால் கடைக்குக் கதியில்லை.

அதோடை ஓடின பழைய பிரிண்டர் ஒரு நாள் பேப்பரை மென்று துப்பிப்போட்டுச் செத்துப் போச்சு. அண்ணை என்னட்டை ஒரு சொல்லுக் கேக்கேல்லை. இழுத்து மூடின ஏதோ ஒரு ஒவ்விசிலை இருந்து அலுமாரி அளவிலை ஒரு நெட்வேர்க் பிரிண்டரை ஏத்திக்கொண்டு வந்திட்டார். நான் சனிக்கிழமை போறன், அது பின்னறையிலை மாப்பிள்ளை மாதிரி இருக்கு. நல்லநேரம் பாத்து வைச்சுத் தேங்காயும் உடைச்சாச்சு. முன்பக்கத்துச் சின்னத் திரையிலை சந்தனமும் குங்குமமும் அப்பிக் கிடக்கு.

"ஒரு வயர்தானே தங்கச்சி. கொழுவிவிட்டால் ஓடும்தானே?" எண்டார்.

"அண்ணை, இதை வாங்க முன்னம் எனக்கு ஒரு போன் அடிச்சிருக்கலாமே?"

"நீர் வேலையிலை நிண்டிருப்பீர். ஏன் கரைச்சல் தருவான் எண்டு விட்டிட்டன்."

எனக்கு வந்த விசருக்குச் சிரிக்கிறதோ அழுகிறதோ எண்டு தெரியேல்லை.

அப்பதான் அந்த மனுசன் கடைக்குள்ளை வந்தார். அறுபது வயது மட்டிலை இருக்கும். மெலிஞ்ச ஆள். கோட்டுப் பொத்தான் ஒண்டு மாறிப் பூட்டிக் கிடந்தது. அவரும் மனுசியும் ஒரே தொழிற்சாலையிலை சாண்ட்விச் கட்டுற வேலை செய்தவை; மனுசி கண்ணை மூடி மூண்டு கிழமை. படத்தை லேஞ்சிக்குள்ளை சுத்திக் கொண்டுவந்திருந்தார். அண்ணை மாதிரிக்கு ஒரு பழைய கல்வெட்டை எடுத்துக் குடுக்க, அதைத் திறந்து பாக்கேல்லை. கையிலை வைச்சுத் தூக்கிப் பாத்தார்.

"இந்த மொத்தத்துக்கு, இவ்வளவு தடிப்பா வருமோ?"

அண்ணை பேப்பரும் பேனையுமா வழக்கமான கேள்வியளைத் தொடங்கினார். "மக்கள் எத்தினை பேர் ஐயா?"

"எங்களுக்குப் பிள்ளையள் இல்லைத் தம்பி."

அண்ணையின்ரை பேனை நிண்டு போச்சு. மக்கள் இல்லையெண்டால் மருமக்கள் இல்லை, பேரப்பிள்ளையளும் இல்லை. புத்தகத்திலை அரைவாசி இல்லை. அது அந்த மனுசனுக்கு எங்களுக்கு முன்னமே விளங்கியிருந்தது.

"மெலிசா வந்தால் கையிலை பிடிக்கேக்கையே சனத்துக்குத் தெரிஞ்சிடும்" எண்டார். "அவளை ஒரு கலியாண வீட்டிலை ஆலாத்தி எடுக்கக் கூப்பிடமாட்டினம். ஒரு பிள்ளையைத் தொட்டிலிலை போடக் கூப்பிடமாட்டினம். இருக்குமட்டும் பின்வரிசையிலைதான் இருத்தினவை. இந்தப் புத்தகத்திலையும் அவளைக் குறைச்சுப் போடாதேங்கோ. நாளைக்கில்லை, அடுத்த ஞாயிறு முப்பத்தொண்டு."

சொல்லேக்கை குரல் உயரவுமில்லை, தழுதழுக்கவுமில்லை. அதுதான் எனக்கு நெஞ்சுக்குள்ளை போய்க் குத்திச்சுது.

"ஒண்டுக்கும் யோசியாதேங்கோ ஐயா, மொத்தமாவே அடிச்சுத் தாறன்" எண்டு அண்ணை வாக்குக் குடுத்திட்டார். ஓடாத பிரிண்டரைப் பக்கத்திலை வைச்சுக்கொண்டுதான்!

அவர் போனாப் பிறகு அண்ணை என்ரை முகத்தைப் பாத்தார். நான் கோட்டைக் கழட்டி வைச்சன்.

முதலிலை பிரிண்டரின்ரை நெட்வேர்க் நம்பர் வேணும். அது அந்தச் சின்னத் திரையிலைதான் தெரியும். பாத்து எழுதி அடிச்சால் பதில் இல்லை. திரும்ப அடிச்சன், இல்லை. வயரை மாத்தினன், இல்லை. கடைசியிலை சந்தேகம் வந்து ஈரத்துணியாலை துடைச்சால், குங்குமப் பொட்டுக்குக் கீழை இன்னொரு இலக்கம் ஒளிச்சுக்கொண்டு இருக்கு. "கோதாரி! சாமி கும்பிடுறதெண்டால் பக்கவாட்டிலை பூசக் கூடாதோ?" எண்டு கத்தினன். அண்ணை "துடைச்சிட்டீரே" எண்டு கவலைப்பட்டார்.

நம்பர் சரியெண்டால் மட்டும் காணாது. பிரிண்டரோடை கதைக்கக் கொம்பியூட்டருக்கு ஒரு மொழிபெயர்ப்பாளர் வேணும். அதைத்தான் ட்ரைவர் எண்டு சொல்லுறது. குரோய்டன் குடிவரவு ஒவ்விசிலை எங்கடை ஆக்களின்ரை அகதிக் கேஸ் விசாரிக்கேக்கை மொழிபெயர்ப்பாளர் வராட்டில் அதிகாரியும் கேஸ்காரரும் ஆளை ஆள் பாத்துக்கொண்டு இருப்பினமெல்லே, அந்தக் கதைதான். பிரிண்டரோடை வந்த சீடியிலை புது மெசினுகளுக்கெல்லாம் ட்ரைவர் இருந்தது. 98க்கு இல்லை. உதவி இலக்கத்துக்குப் போன் எடுத்தன். நான் கிழமை நாளிலை செய்யிற அதே வேலையை அங்கை ஒரு பெடியன் செய்யிறான். "98ஆ? அதை இன்னும் பாவிக்கினமோ?" எண்டு கேட்டான். பிறகு, அணைச்சுப்போட்டுத் திரும்பப் போட்டுப் பாக்கச் சொன்னான். நான் போனை வைச்சன்.

அந்தக் கிழமை முழுக்க வேலை முடிய நேரை அந்தப் பின்னறைதான். வீட்டிலை என்ரை வீட்டுக்காரர் பிள்ளைக்குப் பாணும் முட்டையும் குடுத்துப் படுக்க வைச்சார். எனக்கு அலுப்பெண்டால் சொல்லி வேலையில்லை. காலையிலை இருந்து வெள்ளைக்காரற்றை கொம்பியூட்டர், பின்னேரம் தமிழற்றை கொம்பியூட்டர். ரெயினுக்குள்ளை நிண்டுகொண்டே கண் மூடும். இது என்ன சீவியம் எண்டு எத்தினை தரம் நினைச்சிருப்பன். ஒரு நாள், முடியாது எண்டு சொல்லிப்போட்டு வீட்டை போவமெண்டு உறுதியாத்தான் வந்தன். வந்து பாத்தால் அண்ணை அந்த அம்மாவின்ரை சீவிய சரித்திரத்தைத் தட்டிக்கொண்டு இருக்கிறார். மனுசன் தன்ரை கையாலை எழுதிக் குடுத்த தாள் பக்கத்திலை கிடக்கு. ஆர்ச்வே முருகனுக்கு வருசா வருசம் கந்தசஷ்டி பிடிச்சவ எண்டு எழுதியிருந்தார். ஆறு நாளும் தண்ணியோடை இருந்து, இரண்டு ரெயின் மாறிக் கோயிலுக்குப் போய், திரும்பி வந்து ஷிப்டுக்கும் போனவவாம். என்ன கேட்டு விரதம் பிடிச்சவ எண்டு அதிலை எழுதேல்லை. எழுதத் தேவையுமில்லைத்தானே. நான் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தன்.

எங்கடை ஒவ்விஸ் மேசை லாச்சிக்குள்ளை கிடந்த ஒரு பழைய சீடியிலை ஒரு பொது ட்ரைவர் இருந்தது. இன்ன பிரிண்டர் எண்டில்லாமல் எல்லாத்துக்கும் பொருந்துறது. அதைப் போட்டன். எண்டாலும் 98இலை இருந்து நேரை பிரிண்டருக்கு அனுப்ப ஏலாமல் கிடந்தது. அதாலை ஒரு சுத்து வழி பிடிச்சன். பழைய மெசின் பக்கத்தை ஒரு கோப்பா எழுதி வைக்கும். அந்தக் கோப்பு வயர் வழியா, முன்னுக்குக் கடைக் கணக்குப் பாக்க வைச்சிருந்த ஒரு புது மெசினிலை ஒரு இடத்திலை போய் விழும். அங்கை இருந்து பிரிண்டருக்குத் தள்ளிவிடலாம். முழுப் புத்தகத்தையும் ஒரேயடியாக் குடுத்தால் கிழட்டு மெசின் உறைஞ்சு போகும். துண்டு துண்டாத்தான் குடுக்கவேணும்.

சோதிச்சுப் பாக்க ஒரு பக்கம் வேணுமெண்டு கேட்டன். அண்ணை முன்னம் அடிச்ச ஆரோ ஒரு அம்மாவின்ரை கல்வெட்டிலை இருந்து ஒரு பக்கத்தை எடுத்துத் தந்தார். அனுப்பினன். பிரிண்டர் முனகிச்சுது, உறுமிச்சுது, பேப்பரை வெளியாலை தள்ளிச்சுது. ஓடிப்போய் எடுத்துப் பாத்தால் முழுக்க இங்கிலிஸ் எழுத்து. அரைப்புள்ளியும் அடைப்புக்குறியுமா ஒரு சொல்லும் விளங்காத குப்பை.

"தங்கச்சி, ஆரும் செய்வினை கிய்வினை செய்துபோட்டினமோ?" அண்ணை பகிடிக்குக் கேக்கேல்லை.

"செய்வினையும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. பழைய தமிழ் எழுத்தெல்லாம் உள்ளுக்கு இங்கிலிஸ் எழுத்துத்தான் அண்ணை, மேலைதான் தமிழ் உடுப்புப் போட்டிருக்கு. பிரிண்டர் உடுப்பைக் கழட்டிப்போட்டுத் தன்ரை எழுத்திலை அடிக்குது."

பிழை எங்கையெண்டு தெரிஞ்சாப் பிறகும் அதைத் திருத்திற இடத்தைக் கண்டுபிடிக்க அடுத்த நாள் பின்னேரமும் போச்சு. ட்ரைவருக்குள்ளை, பெட்டிக்குள்ளை பெட்டியாத் திறந்துகொண்டு போனால் அடியிலை ஒரு தெரிவு. எழுத்தையும் சேத்து அனுப்பு எண்டு அதை மாத்தவேணும். மாத்தினன். அதே சோதினைப் பக்கத்தைத் திரும்ப அனுப்பினன். "அம்மா" எண்டு கொட்டை எழுத்திலை, மை பளபளக்கத் தமிழ் வந்து விழுந்தது. அண்ணை பேப்பரைக் கண்ணிலை ஒத்திக்கொண்டார். நான் சந்தோசப்படுறதுக்கும் தெம்பில்லாமல் சுவரிலை சாய்ஞ்சு நிண்டன். மிச்சம் அடிக்கிறதும் கம்பி போட்டுப் புத்தகமாக்கிறதும் உங்கடை வேலை எண்டு சொல்லிப்போட்டு வீட்டை வந்து, சாப்பிடாமல் படுத்தன்.

சனிக்கிழமை மகளைப் பள்ளிக்கூடத்திலை விட்டிட்டுப் போறன், மனுசன் எனக்கு முன்னம் வந்து கடையிலை நிக்கிறார். புத்தகங்கள் பெட்டியிலை அடுக்கிக் கிடந்தது. உண்மையிலை வடிவா வந்திருந்தது. அபிராமி அந்தாதி, கந்தசஷ்டி கவசம் எண்டு அண்ணை எல்லாத்தையும் போட்டு மொத்தமாக்கியிருந்தார். மனுசன் ஒண்டைக் கையிலை எடுத்துத் தூக்கிப் பாத்தார். தலையை ஆட்டினார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பக்கமாத் தட்டினார். படம், தேவாரம், சரித்திரம், கணவர் புலம்பல். அடுத்த பக்கத்திலை கை நிண்டிட்டுது.

நான் எட்டிப் பாத்தன். "மக்கள் புலம்பல்" எண்டு கிடந்தது.

அது நான் சோதிச்ச பக்கம். புது மெசினிலை மற்றத் துண்டுகள் போய் விழுந்த இடத்திலைதான் அதுவும் தன்ரை பழைய பக்க இலக்கத்தோடை கிடந்திருக்கு. அண்ணை ஒவ்வொண்டா அனுப்பிற கரைச்சலுக்கு எல்லாத்தையும் ஒட்டுமொத்தமாத் தெரிவு செய்து அனுப்பிவிட்டிட்டார். பிள்ளை இல்லாத மனுசியின்ரை புத்தகத்திலை, எல்லாப் பிரதியிலையும், பிள்ளையள் அழுகினம்.

அண்ணைக்கு முகம் செத்துப் போச்சு. "ஐயோ ஐயா, மன்னிச்சுக்கொள்ளுங்கோ. பிழை நடந்து போச்சு. இப்பவே கம்பியைக் கழட்டி அந்தத் தாளை எடுத்துவிடுறன். தங்கச்சி, பிடியும் அந்தப் பெட்டியை." ஒரு புத்தகத்தின்ரை கம்பியை நெம்பத் தொடங்கினார்.

மனுசன் மற்றக் கையாலை அந்தப் புத்தகத்தைப் பொத்திப் பிடிச்சார். பக்கத்தை விட்டுக் கண்ணை எடுக்கேல்லை. முதலிலை இருந்து கடைசி வரைக்கும் வாசிச்சார். வாசிச்சுப்போட்டுக் கேட்டார்:

"இது ஆற்றை பிள்ளையள்?"

"ஆரெண்டு தெரியாது ஐயா. முந்தி அடிச்ச ஏதோ ஒரு கல்வெட்டு."

"பேர் ஒண்டும் இதிலை இல்லைத்தானே?"

"இல்லை" எண்டன் நான். "பாட்டு மட்டும்தான்."

"அப்ப இருக்கட்டும் பிள்ளை."

அண்ணை பதறிப்போனார். "ஐயா, நாளைக்குச் சபையிலை வாசிப்பினம். சனம் கதைக்கும்."

"சனம் அவள் கலியாணம் கட்டின நாள் தொடக்கம் கதைச்சதுதானே தம்பி. நாளைக்கு மட்டும் பேசாமல் இருக்கப் போகினமோ?" எண்டு சொல்லிப்போட்டுப் பெட்டியைத் தூக்கினார். பாரம். நான்தான் கதவைத் திறந்துவிட்டன்.

நான் போகவேணுமெண்டு கட்டாயமில்லை. ஆரும் கூப்பிடவுமில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை வீட்டிலை இருக்க ஏலேல்லை. கறி காய்ச்ச வெளிக்கிட்டு உப்புப் போட்டனோ இல்லையோ எண்டு தெரியாமல் நிண்டன். அடுப்பை அணைச்சுப்போட்டுப் போனன். ஒரு பள்ளிக்கூட மண்டபத்திலைதான் நடந்தது. அண்ணையும் வந்து கடைசி வரிசையிலை ஒளிச்ச மாதிரி இருந்தார். நான் பக்கத்திலை போய் இருந்தன்.

கிரியை முடிய வாசிப்புத் தொடங்கிச்சுது. வாசிச்சவருக்கு நல்ல குரல். தேவாரம் முடிஞ்சு, சரித்திரம் முடிஞ்சு, கணவர் புலம்பல் வந்தது. சபை முழுக்க மனுசனைத்தான் பாத்தது. அவர் வெறும் மேலும் வேட்டியுமா முன்னுக்குச் சப்பாணி கட்டிக்கொண்டு இருந்தார். கண்ணிலை ஒரு சொட்டுத் தண்ணி இல்லை. வாசிச்சவர் பக்கத்தைத் தட்டி, வாயைத் திறந்தவர், நிப்பாட்டிப்போட்டார். கண்ணாடிக்கு மேலாலை மனுசனைப் பாத்தார்.

"இது... பக்கம் மாறி வந்திட்டுதுபோலை கிடக்கு."

"மாறேல்லை. வாசியுங்கோ."

அண்ணை எனக்குப் பக்கத்திலை தலையைக் குனிஞ்சிட்டார். வாசிச்சவர் தொடங்கினார்.

கூப்பிட்ட குரலுக்கு ஓடி வந்தாய் அம்மா
கூப்பிடுகின்றோம் ஏன் வரவில்லை அம்மா
பசியென்று சொல்லுமுன் பரிமாறி நின்றாய்
பார்த்திருக்கின்றோம் நீ பேசவில்லை அம்மா

எனக்கு முன்னுக்கு இருந்த ரெண்டு பொம்பிளையள், "இவவுக்கு எங்காலை பிள்ளை?" எண்டு குசுகுசுத்தினம். சபைக்கு ஒரு பழக்கம் இருக்கு. ஆற்றை புலம்பல் வாசிக்கினமோ அவையைத் திரும்பிப் பாக்கும். எல்லாத் தலையும் ஒண்டாத் திரும்பி, மனுசனுக்குப் பக்கத்திலை பிள்ளையள் இருக்கவேண்டிய இடத்தைப் பாத்தது. அங்கை விரிச்ச பாய் மட்டும்தான் கிடந்தது. எனக்கு அந்த இடத்திலை எழும்பிக் கத்தவேணும்போலை இருந்தது. ஆரைப் பாத்துக் கத்திறது எண்டுதான் தெரியேல்லை.

வாசிச்சவருக்கும் அந்தரமாப் போச்சுது. கடைசி வரியளை விறுவிறெண்டு ஓட்டிப்போட்டு அடுத்த பக்கத்துக்குப் போனார்.

"தம்பி" எண்டார் மனுசன். "அதை இன்னொருக்கா வாசியுங்கோ. அவசரப்படாமல் வாசியுங்கோ."

வாசிச்சவர் பக்கத்தைத் திருப்பி முதல் வரியிலை இருந்து மெதுவாத் தொடங்கினார். இந்தமுறை "அம்மா" எண்டு வந்த இடமெல்லாம் மனுசனும் சேர்ந்து சொன்னார். அந்த வீட்டிலை அதைச் சொல்ல வேறை ஆக்கள் இல்லை.